கரை ஒதுங்கும் கட்டையில் வீட்டு விளக்கு



கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளை நாம் அடுப்புக்குத்தான் எடுத்து வருகிறோம். அலை தேய்த்து வழவழப்பாக்கிய அதே கட்டையில் அழகான விளக்கு செய்யலாம். செலவு குறைவு. கவனம்தான் கூடுதலாக வேண்டும்.

1. உப்பு எடுத்தல்: நல்ல தண்ணீரில் ஒரு வாரம் ஊற வையுங்கள். தினமும் தண்ணீரை மாத்துங்க. உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஹோல்டர் துருப்பிடிக்கும், மின்கசிவு வரும்.

2. காய வைத்தல்: நிழலில் சில வாரங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் வெடிப்பு விழும்.

3. பல்பு: குண்டு பல்பு சூடேறி கட்டை கருகும். 9 வாட் எல்.இ.டி. பல்பே 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் தரும்.

4. வயர்: ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். இணைப்பை எலக்ட்ரீசியன் கொடுக்கட்டும். "நானே முறுக்கிக்கிறேன்" என்பது வேண்டாம்மா!

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது.

விற்பதாக இருந்தால் உங்கள் கூலியையும் விலையில் சேருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்: ஒரு விளக்குக்கு நமக்கு எத்தனை நாள் வேலை? அதற்கு என்ன கூலி?