ரிச்சி தெருவுக்கு ரயிலேறும் முன்

அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இப்போது தம்பி கையில். பிரவுசரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. அஸ்தினாபுரத்தில் இப்படி ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு தவிக்கிறீர்களா? 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் ராம் 2 ஜிபிதான். ஆனாலும், குரோம்பேட்டையில் ரயிலேறி புது ராம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகும் முன், குறை ராமில்தானா என்று பார்த்துவிடுங்கள். அதில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸே இதற்குப் போதும்.

ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று பெரிய நினைவகம் இருப்பதாக நம்பித்தான் ஓடுகிறது. அதுதான் விர்ச்சுவல் மெமரி. லினக்ஸ் அதை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ராமில் வைக்கிறது; 2 ஜிபியில் 5,24,288 பக்கங்கள் அடங்கும். கேட்ட பக்கம் கைக்கு எட்டாவிட்டால் அது பேஜ் ஃபால்ட். பக்கம் ராமிலேயே இருந்து, கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டியிருந்தால் மைனர். அது நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்தாலும் கவலை வேண்டாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தால் மேஜர். ராமுக்குச் சுமார் 100 நானோ நொடி, டிஸ்க்குக்குச் சுமார் 10 மில்லி நொடி: லட்சம் மடங்கு தாமதம். லேப்டாப் திணறுவது இங்கேதான்.

டெர்மினலில் 'விஎம்ஸ்டாட்', ஓர் இடைவெளி, 1 என்று ஆங்கிலத்தில் தட்டி, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது கணினி தொடங்கியதிலிருந்து இதுவரையிலான சராசரி. 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். ராமில் இடம் போதாதபோது பக்கங்களை வைக்க டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்தான் ஸ்வாப்; அந்த ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவதும், ராமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும் அவை. எப்போதாவது எண் எகிறினால் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்து, நொடிக்கு நொடி நூறு, ஆயிரம் என்று ஓடினால் ராம் போதவில்லை. ஸ்வாப் இருந்தும் பூஜ்யமாகவே நின்றால் ராமுக்குச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து, யார் காரணம்? 'டாப்' கட்டளையில் எஃப் விசையை அழுத்தி, மேஜர் பேஜ் ஃபால்ட் பத்தியை ஸ்பேஸ் விசையால் சேர்த்து, எஸ் விசையால் வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் பிரவுசர்தான் மேலே நிற்கும். பாதி டேப்களை மூடிவிட்டு மறுபடி விஎம்ஸ்டாட்டைப் பாருங்கள்.

அப்படியும் அடங்காவிட்டால் ராம் வாங்கலாம். பின்மூடியைத் திறந்து, காலி ஸ்லாட் இருக்கிறதா, பழைய ராம் டிடிஆர்3ஆ டிடிஆர்3எல்லா என்று ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டி மட்டும் போட்டால் ஒவ்வொரு மேஜர் ஃபால்ட்டும் சீக்கிரம் முடியும், எண்ணிக்கை குறையாது. அதனால் ராம்தான் முதலில். காசு மிஞ்சினால் எஸ்எஸ்டி.