மரம் நடும் நாள் தரும் பாடம்

விழா ஒரு நாளில் முடிந்துவிடும். மரமோ தலைமுறை கடந்து நிற்கும். சிங்கப்பூரின் மரம் நடும் விழாவை இக்கருத்துடன் நோக்குதல் நலம்.

1963-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி, பிரதமர் லீ குவான் யூ பாரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் துவக்கி வைத்தார். 1971-இல் அது ஆண்டு விழாவாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் தேதி, தற்காலிகப் பிரதமராயிருந்த கோ கெங் சுவீ, பேபர் குன்றின் உச்சியில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நட்டார்.

நவம்பரைத் தேர்ந்தது ஏன்? அது மழைக்காலம் நெருங்கும் மாதம். நட்ட கன்றுக்கு வானமே நீர் வார்க்கும். ஆளும் செலவும் குறையும். வணிகப் பெருமக்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

எனினும், மழை மட்டுமே மரத்தை வளர்த்துவிடாது. களை எடுத்தலும் கிளை கழித்தலும் தொடர்ந்து நடைபெற வேண்டும். இன்றேல் கன்று கருகும், விழாவும் வீணாகும். பேணி வளர்த்தாலோ, கிளையில் குயிலும் மைனாவும் தங்கும். நிழலில் வழிப்போக்கர் இளைப்பாறுவர்.

கடைதிறப்பு விழா சிறந்தால் மட்டும் வியாபாரம் தழைத்துவிடுமா? நாள்தோறும் கவனிப்பவரே லாபம் காண்பர்.

2020-இல், பத்தாண்டுகளில் பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் அங்கே தொடங்கியது. அதில் பங்கு கொள்ளும் அன்பர்கள், தாம் நட்ட கன்றை மறுமாதமும் சென்று கண்டு வருவார்களாக!