முகாமுக்கு எந்தப் பாய்?

பள்ளி விடுமுறைகளில் சாரணர் முகாமுக்குச் செல்வோர் உங்களுள் பலர் இருப்பீர்கள். கடற்கரையில் முகாமிட்டால் படுக்கையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கேமரன் மலைக்குச் செல்வோர் நிலை வேறு. ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியசு அளவுக்கு இறங்குவதுண்டு. சமவெளித் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கடுங்குளிரே.

பெற்றோர் தடித்த கம்பளி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைகின்றனர். பிள்ளையோ நள்ளிரவில் நடுங்குகின்றான். கம்பளியின் மீது குற்றமில்லை. அவனுடைய உடல் வெப்பத்தைத் தரை இழுத்துக் கொள்கின்றது.

சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் பாயும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் மழையில் நனைந்த மண், உலர்ந்த மண்ணைவிட விரைவாக நம் வெப்பத்தைக் கவர்ந்து விடுகின்றது.

கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாது தங்கியிருக்கும் காற்றே நம் வெப்பத்தைக் காக்கின்றது. உடலுக்கு அடியில் விரித்த கம்பளி நசுங்கிக் காற்றை இழந்து வெறுந்துணி போலாகிவிடும். ஆகவே, நம் எடையைத் தாங்கிக்கொண்டு காற்றையும் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பொருளே அடியில் வேண்டும்.

நம் வீட்டு மெங்குவாங் பாய் அழகானது, ஆயினும் மெல்லியது. பஞ்சு மெத்தையோ சுமக்க இயலாதது. நனைந்தால் எளிதில் காயாது. மாணவருக்கு ஏற்றது சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க நுரைப்பாயே. அதிலும் நீர் உறிஞ்சாத நுரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் விரலால் அழுத்திப் பாருங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு போல் முழுதும் அமுங்கினால் வேண்டாம்.

காற்றடைக்கும் மெத்தை கண்ணைக் கவரும். அது மென்மையானது, தடிமனும் மிகுதி. ஆனால் உள்ளே வெறுங்காற்று மட்டும் இருப்பின், அது மேலும் கீழும் சுழன்று நம் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தடிமனை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. ஒரு முள் குத்தினாலும் அன்றிரவு வெறுந்தரைதான்!

சில பாய்களின் உறையில் 'ஆர்-மதிப்பு' என ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலின் அளவு அது. எண் கூடினால் சூடும் கூடும். 2018-இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இதனை அளப்பதற்குப் பொதுமுறை ஒன்றை வகுத்தது. கேமரன் மலைக்கு 2 என்ற அளவே போதுமானது. பனி உறையும் நாடுகளுக்குரிய 5, 6 நமக்கு வீண்செலவு. ஒன்றன்மேல் ஒன்றாக இரு பாய்களை விரித்தால் இரண்டின் மதிப்பும் கூடும்.

புதிய பாய் வாங்க வசதியில்லையெனில், உலர்ந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காக விரித்து, அதன்மேல் வீட்டுப் பாயைப் போடலாம். அட்டையின் நெளிவுகளுக்குள்ளும் காற்று உண்டு. ஆனால் அட்டை நனைந்தால் பயனற்றுப் போகும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம் தேவை.

ஒருக்களித்துப் படுப்போருக்கு இடுப்பும் தோளும் தரையில் அழுந்தி வலிக்கும். அவர்களுக்குச் சற்றுத் தடித்த பாய் நன்று. எந்தப் பாயாயினும், புறப்படுவதற்கு முன் ஓர் இரவு வீட்டுச் சிமெண்டுத் தரையில் விரித்து உறங்கிப் பாருங்கள். விடியும்வரை புரண்டு புரண்டு படுக்க நேர்ந்தால், அதை மாற்ற அப்போதும் காலம் இருக்கும்.