புல்தரையில் குருணை மருந்து போடலாமா?

கேள்வி: கோவைக்கு அருகே தனி வீட்டில் இருக்கிறோம். வாசல் பக்கம் நான்கு சென்ட்டில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றேகால். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க அங்கேதான் ஆட்டம். ஆடி மாத மழைக்குப் பிறகு புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது. தோண்டினால் வெள்ளைப் புழு வருகிறது. கோரையும் ஏறிவிட்டது. தோட்ட வேலைக்கு வருபவர், “குருணை மருந்தைத் தூவிவிட்டு, கோரைக்கு மருந்து அடிச்சிடலாம். ரெண்டு நாள் பிள்ளைங்களை விடாதீங்க” என்கிறார். இரண்டு நாள் போதுமா? ஆமணக்குப் புண்ணாக்கு போட்டால் பயமில்லை என்கிறார் மாமியார். எதைச் செய்வது?

– ஒரு வாசகி, கோவை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

இரண்டு நாளோ இருபது நாளோ, அந்தக் குருணை உங்கள் வாசலுக்கு வேண்டாம். குருணை மருந்து என்று பலரும் சொல்வது பெரும்பாலும் ஃபோரேட். கடும் நஞ்சுள்ள அந்த மருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கையிருப்பை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேறு எந்த மருந்தானாலும் டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சு குறையும். சிவப்பும் மஞ்சளும் குழந்தை புழங்கும் இடத்துக்குள் வரவே கூடாது.

பெரியவர்கள் புல்லில் நடப்போம். ஒன்றேகால் வயதுப் பிள்ளையோ அதில் தவழும், புரளும், கையை வாயில் வைக்கும், கண்ணில் பட்ட மணியைப் பொறுக்கித் தின்னும். உடல் எடையும் குறைவு. நமக்குத் தலைவலியோடு போகும் அளவு அதற்கு உயிராபத்தாகலாம்.

மாமியார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் என்னும் நஞ்சு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. வயலுக்கு அது நல்ல உரம்; குழந்தைகள் விளையாடும் தரைக்கு ஆகாது. வேப்பம் புண்ணாக்கைப் பயன்படுத்தலாம். சதுர மீட்டருக்கு 100 கிராம் தூளைச் சீராகத் தூவி, மண்ணில் இறங்கும்வரை தண்ணீர் விடுங்கள். கட்டிகள் மேலே கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இயற்கைப் பொருள் என்பதற்காக அலட்சியம் கூடாது. வேப்பெண்ணெய் உள்ளே போய்க் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததுண்டு. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி புழு. காய்ந்த திட்டின் ஓரத்தில் ஓர் அடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டிப் புல்லைத் தூக்கிப் பாருங்கள். நான்கைந்து புழு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆரோக்கியமான புல் அதைத் தாங்கும். பத்துக்கு மேல் இருந்து, புல் வேரில்லாமல் பாய் போலச் சுருண்டு வந்தால் மட்டும் வேலை இருக்கிறது. அந்தத் திட்டுகளைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். மைனாவும் உதவிக்கு வரும். பிறகு மெட்டாரைசியம் என்ற பூஞ்சைத் தூளை நன்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமான மண்ணில் மாலையில் இடுங்கள். அது புழுவின் உடலில் வளர்ந்து அதைக் கொல்லும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். இட்ட பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு, மண்ணோடு சேரும்வரை பிள்ளைகளை விடாதீர்கள். அடுத்த ஆண்டு கோடை மழை விழுந்ததும் மாலையில் வேப்பமரத்தில் வந்து உட்காரும் வண்டுகளை உலுக்கிப் பிடித்துவிட்டால், முட்டையே குறையும்.

பச்சைச் சாணியை மட்டும் போடாதீர்கள். அதில் வண்டுப் புழுக்களோடு தொற்றும் வரும். சாணத்திலும் மண்ணிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும் என்பதால், மகளுக்கு ஐந்து வயதிலும் மகனுக்கு ஒன்றரை வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியைத் தவறவிடாதீர்கள். தெருநாய், பூனையின் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுக் குஞ்சுகள் வெறுங்காலின் தோலுக்குள் புகும். கழிவை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

கோரைக்கு அடிக்கச் சொல்வது பெரும்பாலும் கிளைஃபோசேட். அது உங்கள் புல்லையும் சேர்த்தே கொல்லும். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு ஆணைப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைக் கையாளலாம். கோரையின் உயிர் கிழங்கில். தண்ணீர் விட்டு மண் இளகியதும் களைக்கொத்தியால் கிழங்கோடு எடுங்கள். வாரம் ஒருமுறை விடாமல் செய்தால், மிச்சக் கிழங்கு தளிர்விட்டே களைத்துப்போகும். நிழல் கோரைக்குப் பகை. புல்லை ஒட்ட வெட்டாமல் நான்கு சென்டிமீட்டர் உயரம் விட்டால், அடர்ந்த புல் தானே நிழல் தரும். ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி, பார்த்தீனியம் மூன்றையும் கண்டதும் பிடுங்குங்கள். மற்ற சின்னக் களைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

புல்வெட்டும் இயந்திரம் ஓடும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதன் கத்தி சிறு கல்லையும் குண்டுபோல எறியும். வெட்டுமுன் கல், கம்பி, பொம்மைகளைப் பொறுக்குங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே யார் கையிலும் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். மின் இயந்திரமானால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில் மட்டும் ஓட்டுங்கள்.

வேலியோரம் மஞ்சள் அரளி, ஊமத்தை, குன்றிமணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றின் விதை உயிர்க்கொல்லி. இருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

எதையாவது தின்றதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, மருந்து பட்ட உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழையுங்கள். எச்சில் ஒழுகுவது, வியர்ப்பது, மூச்சுத் திணறுவது பூச்சிமருந்து நஞ்சின் அடையாளங்கள். அவை தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். டப்பாவையோ, தின்ற காயையோ மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

அந்தப் புல் உங்கள் பிள்ளைகளுக்காக வளர்த்தது. நாலு திட்டுக் காய்ந்தால், புதுப் புல் நட்டு ஒரு பருவத்தில் மீட்டுவிடலாம். தோட்டக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: களைக்கொத்தி போதும், குருணை வேண்டாம்.