வேக வரம்பும் உயிர்க்காப்பும்

மோட்டார் வண்டியின் வேகம் இருமடங்காயின் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகுமென்பது நாம் பௌதிக வகுப்பிற் கற்றதே. காற்றின் எதிர்ப்பும் அவ்வாறே பெருகுதலின், பெட்ரோல் செலவும் புகையும் மிகும்.

1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புதலை நிறுத்தவே, அமெரிக்க சர்க்கார் 1974 ஜனவரியில், மணிக்கு 55 மைலுக்கு மேல் வண்டியோட்டலாகாதெனச் சட்டஞ்செய்தனர். பெட்ரோலைச் சேமிக்க எழுந்த சட்டமது. சேமிப்போ எதிர்பார்த்ததினுங் குறைவே. ஆயினும் 1973-இல் ஏறக்குறைய 54,000 ஆயிருந்த சாலை மரணங்கள் மறு ஆண்டில் 45,000 அளவிற்குக் குறைந்தன. பெட்ரோல் அருமையால் மக்கள் பிரயாணத்தைச் சுருக்கியதும் ஒரு காரணமே. அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும் வேகக்குறைவின் பங்கு சிறிதன்றென்பது நம் துணிபு. 1995-இல் அச்சட்டம் நீக்கப்பட்டபின், வரம்பை உயர்த்திய மாகாணங்களில் மரணங்கள் மீண்டும் மிகுந்தனவென ஆராய்ந்தோர் கண்டனர்.