ஈரக்காற்று போதுமா? கடலோரக் கான்கிரீட்டும் நீராற்றுதலும்

மட்டாஞ்சேரியின் உப்பங்கழிக் கரையில் 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் எழுப்பிய அரண்மனை இன்றும் நிற்கிறது. அதன் தடித்த சுவர்களுள் இரும்புக் கம்பி இல்லை. உப்பால் துருப்பிடிக்க எதுவுமில்லை. அதனருகே இன்று எழும் வீடுகளின் நிலை வேறு. அவற்றின் ஆயுள், கம்பியை மூடியுள்ள சில சென்டிமீட்டர் கான்கிரீட்டைப் பொறுத்தது. அம்மேலடுக்கின் தரம், வார்த்தபின் வரும் முதல் இரு வாரங்களில் அமைகிறது.

வெப்பமும் நீரும்

கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு, சிமெண்ட் நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது. வினை முழுமை பெற, சிமெண்டின் எடையில் சுமார் 38 சதவீத நீர் தேவை. கலக்கும்போது இதைவிடக் கூடுதலாகவே ஊற்றுகிறோம்; அது ஆவியாகிவிடாமல் காப்பதே நீராற்றுதலின் நோக்கம். உள்ளிருக்கும் நுண்துளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்திற்குக் கீழ் இறங்கினால் வினை ஏறக்குறைய நின்றுவிடும்.

இவ்வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. மெல்லிய கூரையில் அது விரைவில் வெளியேறிவிடும். பருமனான அடித்தளங்களில் உட்பகுதி சூடாகவும் மேற்பரப்பு குளிர்ந்தும் இருப்பதால் வெடிப்பு தோன்றும். அமெரிக்காவின் ஹூவர் அணையில் (1931-36) கான்கிரீட்டினுள் குழாய்கள் பதித்துக் குளிர்நீர் செலுத்தியது இதனாலேயே.

ஈரக்காற்றின் மயக்கம்

கொச்சியின் காற்றே ஈரமானது, தனியே நீர் எதற்கு என்பர் சிலர். ஆனால் வெயிலில் கிடக்கும் கூரைப்பரப்பு காற்றைவிட மிகுதியாகச் சூடேறுகிறது, கடற்காற்றும் வீசுகிறது. இரண்டும் சேர்ந்து நீரை விரைந்து கவர்கின்றன. பருவமழையை நம்புவதும் சரியன்று. மழை விட்டு வெயில் எழும் இடைவேளைகளில் பரப்பு உலர்ந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணயம் 456 (2000), சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், கலப்பு சிமெண்டுக்கு 10 நாட்களும் விதிக்கிறது. பின்னதற்கு 14 நாட்களைப் பரிந்துரைக்கிறது. இன்று வீடுகளுக்குப் பெரிதும் வாங்கப்படுவது கலப்பு சிமெண்டே. பழைய ஏழு நாள் வழக்கம் இதற்குப் போதாது.

எந்த நீர்?

உப்பங்கழி நீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆயினும் அதனைத் தொடலாகாது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. கடல்நீரிலோ சுமார் 19,000 மில்லிகிராம் உண்டு. குடிநீரையே பயன்படுத்த வேண்டியிருப்பதால், அதனைச் சிக்கனமாக ஆளுதல் இன்றியமையாதது. 40 சதுர மீட்டர் கூரையில் பாத்தி கட்டி 5 சென்டிமீட்டர் ஆழம் நிறுத்த 2,000 லிட்டர் வேண்டும். ஆவியாவதை அவ்வப்போது ஈடுசெய்தால் போதும். தூண்களிலும் உத்தரங்களிலும் நீர் நிற்காது. ஈரச்சாக்கு சுற்ற வேண்டும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் கிடங்குகளில் பழைய சணல் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. உப்பு, சர்க்கரை இருந்தவற்றை மட்டும் விலக்க வேண்டும்.

யாருக்கு இழப்பு?

நீராற்றுதலுக்கெனத் தனித் தொகை பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை. அது கான்கிரீட் விலையிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே நாட்களைக் குறைப்பவருக்கு உடனடி ஆதாயம் கிட்டுகிறது. பல ஆண்டுகள் கழித்துக் கம்பி துருத்திக் கூரை உதிரும்போது இழப்பு குடியிருப்பவரைச் சேர்கிறது. கேரளத்தின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் பொதுவாகப் பெறும் உதவி 4 இலட்சம் ரூபாய். அக்குடும்பத்தால் இன்னொரு கூரை போட இயலாது. அடுத்த தவணையை வழங்குமுன், நீராற்றிய நாட்களையும் அதிகாரி கேட்டறிவாராயின், செலவின்றியே பொதுப்பணம் காக்கப்படும்.