செயலுக்கு உரைகல் எது?



திருமுதுகுன்றம் எனவும் பழமலை எனவும் போற்றப்பெறும் நம் விருத்தாசலம் பொன்னோடு தொடர்புடைய திருத்தலம். சுந்தரமூர்த்தி நாயனார் இங்குப் பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராண வரலாறு. இவ்வரலாற்றில் பலரும் கருதாது விடும் நுட்பம் ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் நாயனார் அதில் சிறிது வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறையவே மீண்டும் பாடினார். மாற்று ஒத்த பின்னரே ஏற்றார்.

இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்தனர் எனின், நாம் செய்யும் செயல்களை உரைத்துப் பார்க்க வேண்டாவோ? ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவன் செயலே உரைகல் என்பது 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் திருவள்ளுவர் கருத்து. மனிதனுக்குச் செயல் உரைகல். அச்செயலுக்கு உரைகல் எது? இவ்வினாவை ஆராய்வதே அறவியல். உலகப் பேரறிஞர்கள் இதற்கு மூன்று விடைகள் கூறியுள்ளனர்.

ஓர் எடுத்துக்காட்டு

நம் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மின் இணைப்புக்குரிய பீங்கான் உறுப்பு ஒன்று சூளையிலிருந்து வருகிறது எனக் கொள்வோம். அதில் மயிரிழை போன்ற வெடிப்பு. கண்ணுக்குப் புலப்படாது, தட்டினால் மட்டும் ஒலி மங்கும். பெட்டியில் அடுக்கும் பெண்ணுக்கு உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி. ஒதுக்கினால் கூலி குறையும். வீட்டிலோ முதிய தாய் பசித்திருக்கிறாள். அப்பெண் யாது செய்தல் வேண்டும்?

1. பயனே உரைகல்

செயலின் நன்மை தீமை அதன் விளைவைப் பொறுத்தது என்பது முதற்கொள்கை. இங்கிலாந்து நாட்டுப் பெந்தம் (1748–1832), அவர் வழிவந்த ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873) ஆகியோர் இதனை நிலைநாட்டினர். பலருக்கு மிகுதியான இன்பம் பயப்பதே நற்செயல் என்பர். இதன்படி, வெடித்த பீங்கானால் எவர் வீட்டிலோ மின்சாரம் தாக்கி உயிர் போகக்கூடும். அத்துன்பத்தின்முன் சில ரூபாய்க் கூலி சிறிது. ஆகவே ஒதுக்குதலே தக்கது. எனினும் இக்கொள்கைக்கு இடர் உண்டு. விளைவை முற்ற அறிவார் யார்? பலர் நலத்துக்காக ஒருவரைப் பலியிடலாம் என்னும் முடிவுக்கும் இது இட்டுச் செல்லக்கூடும்.

2. கடமையே உரைகல்

ஜெர்மனி நாட்டுக் காண்ட் (1724–1804) விளைவை நோக்காதே என்றார். 'நான் செய்வதை எல்லோரும் செய்க என விதியாக்க இயலுமா?' என வினவிப் பார்க்கச் சொன்னார். பிறரை நம் நலத்துக்குக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றும் விதித்தார். எல்லோரும் வெடிப்பை மறைப்பாராயின், வாங்குவோர் நம்பிக்கை அழியும், மறைத்தலுக்கே பயனிராது. ஆகவே மறைத்தல் தகாது. இக்கொள்கையின் இடர் அதன் கடுமை. கொலைஞன் ஒருவன் வந்து, நம் இல்லில் ஒளிந்துள்ள நண்பன் எங்கே எனக் கேட்பினும் பொய் கூறலாகாது என்று 1797ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் காண்ட் வாதிட்டார்.

3. பண்பே உரைகல்

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) செயலைவிடச் செய்வோனை நோக்கினார். வீணை வாசித்து வாசித்தே வீணை வல்லவராகிறோம். அதுபோல நேர்மையான செயல்களைச் செய்து செய்தே நேர்மையாளராகிறோம் என்பது அவர் துணிபு. இன்று ஒரு வெடிப்பை மறைத்த கை நாளை பத்தை மறைக்கக் கூசாது. ஆயினும் பண்பு முதிர நாளாகும். இடர் இன்றே வருகிறது.

வள்ளுவர் காட்டும் நெறி

திருக்குறளில் இம்மூன்றையும் காணலாம். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என 'வாய்மை' கூறுவது பயன் நோக்கிய நெறி. காண்ட் தடுமாறிய இடத்தில் வள்ளுவர் வழிகாட்டுகிறார். ஈன்றவளின் பசி காண நேரினும் சான்றோர் பழிப்பன செய்யற்க என 'வினைத்தூய்மை' கூறுவது கடமை நெறி. மனத்தில் மாசின்மையே அறம் என 'அறன் வலியுறுத்தல்' கூறுவது பண்பு நெறி. பொய்க்கு அளித்த விலக்கிலும் 'குற்றமற்ற' என்னும் வேலி இருப்பதைக் கருதுக. நம் ஆதாயத்துக்காகச் சொல்லும் பொய்க்கு அங்கு இடமில்லை.

ஆகவே அப்பெண் ஒதுக்கவே வேண்டும். மூன்று உரைகல்லும் ஒரே மாற்றைக் காட்டுகின்றன.

இரு பக்கமும் உரைத்தல்

இவ்வளவில் அமைந்தால் அறம் ஏழைக்கு மட்டும் உரியதாகிவிடும். இத்தலத்து வன்னிமரம் மறுபக்கத்தைக் கற்பிக்கிறது. விபசித்து முனிவர் திருக்கோயில் திருப்பணி செய்தபோது, வேலை செய்தோருக்கு வன்னியிலைகளையே கூலியாக அளித்தார் என்பதும், அவை அவரவர் உழைப்பின் அளவே பொன்னாயின என்பதும் தலவரலாறு. உழையாதவனுக்கு மிகவில்லை, உழைத்தவனுக்குக் குறையவுமில்லை. சூளையின் குறையால் நேர்ந்த வெடிப்புக்கு அடுக்கும் பெண்ணின் கூலியைப் பிடிப்பவர், அவள் நேர்மைக்குத் தண்டம் விதிக்கிறார். அவள் செயலை உரைக்குமுன் அவர் தம் செயலை உரைத்துப் பார்த்தல் கடன். விலை மலிவு ஒன்றையே நோக்கி வாங்கும் நமக்கும் அக்கடனில் பங்குண்டு.

நாள்தோறும் கொள்ளத்தக்க பயிற்சி

ஐயம் தரும் செயல் எதிர்ப்படும்போது மூன்று வினாக்களை உள்ளத்தே எழுப்புக. இதனால் யாருக்கு என்ன விளையும்? எல்லோரும் இதனைச் செய்தால் தகுமா? இதனைச் செய்தபின் நான் எத்தகையவன் ஆவேன்? மூன்று விடையும் ஒத்தால் துணிந்து செய்க. ஒவ்வாவிடின் சிறிது நின்று, சான்றோரைக் கேட்டுத் தெளிக.

வன்னியை வலம் வரும்போது ஒரு கணம் நின்று, இன்று நம் உழைப்புக்கும் நாம் பிறருக்கு அளித்த கூலிக்கும் அவ்விலை எவ்வளவு பொன்னாகும் என எண்ணிப் பாருங்கள். பழமலைநாதர் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.